ரூட் வேறு, ரோம் வேறு

வீட்டில் சும்மா கிடக்கும் ரெட்மி நோட் 4-ஐ வைத்துத்தான் ரூட், ரோம் பற்றிப் படிக்கிறேன். 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த போன். ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. 7-ஓடு கம்பெனி கைகழுவிவிட்டது. திரையில் கீறல்கூட இல்லை, ஸ்னாப்டிராகன் 625 இன்றும் சூடாகாமல் ஓடுகிறது. ஆப்கள்தான் ஒவ்வொன்றாக வர மறுக்கின்றன. எங்கள் ஜலகண்டாபுரத்தில் பழைய விசைத்தறியை யாரும் தூக்கிப் போடுவதில்லை. நாடா மாற்றி, பிக்கர் மாற்றி ஓட்டுவார்கள். போனுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை?

*

அந்த நியாயத்தைப் போனுக்கும் தருவது கஸ்டம் ரோம். அதைப் போட ரூட் செய்யத் தேவையில்லை. ஆரம்பத்தில் எல்லோரும் குழம்புகிற இடம் இது. போனை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது பூட்லோடர். கம்பெனி முத்திரையுள்ள சிஸ்டத்தை மட்டுமே அது உள்ளே விடும். அந்தப் பூட்டைத் திறந்தால் முழு சிஸ்டத்தையே மாற்றலாம், அதுதான் ரோம். ரூட் என்பது இருக்கிற சிஸ்டத்துக்குள் முழு அதிகாரம் வாங்குவது.

*

பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், தொப்பி போட்ட முயல் ஒன்று ஆண்ட்ராய்டு பொம்மையை ரிப்பேர் செய்யும் படம் வருகிறது. பூட்டைத் திறக்கப் போனைக் கணினியோடு பேசவைக்கும் ஃபாஸ்ட்பூட் நிலை இதுதான். கணினியில் 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' என்று அடித்தால் போனின் எண் வர வேண்டும். வராவிட்டால் முதலில் கேபிளைப் பார்க்கணும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய. அடுத்தது டிரைவர்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடை அண்ணன் எடுத்தவுடன் கேட்டது: "தம்பி, பேக்கப் எடுத்துட்டியா?" பூட்லோடரைத் திறந்ததும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்: போனைத் திருடியவன் பூட்டைத் திறந்தாலும் படங்கள் அவன் கைக்குப் போகக் கூடாது.

*

2009-இல் ஸ்டீவ் கொண்டிக் தொடங்கிய கஸ்டம் ரோமான சயனோஜென்மாட், 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வரை வந்தது. இந்தியாவில் சயனோஜென் தங்களுக்கு மட்டும்தான் என்றது மைக்ரோமேக்ஸ்; அதே சிஸ்டத்துடன் வந்த ஒன்பிளஸ் போன்களின் விற்பனைக்குத் தடை விழுந்தது. சில நாட்களில் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. 2016 கடைசியில் சயனோஜென் கம்பெனியே இந்த வேலையைக் கைவிட்டது. நிரல் திறந்த மூலம் என்பதால் தன்னார்வலர்கள் அதை லினேஜ் ஓஎஸ் என்று தொடர்ந்தார்கள். என் பழைய போனுக்கும் அவர்கள் ரோம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. சென்னை ஐஐடியின் ஆதரவில் உருவாகி 2023 ஜனவரியில் பேசப்பட்ட பாரோஸ் என்ற போன் சிஸ்டத்துக்கும் அடித்தளம் திறந்த மூல ஆண்ட்ராய்டுதான்.

*

ரூட்டுக்கு இன்று பலரும் சொல்வது மேஜிஸ்க். தைவான்காரரான ஜான் வூ எழுதியது. சிஸ்டம் பகுதியைத் தொடாமல் பூட் இமேஜை மட்டும் மாற்றுகிறது. எனக்கு இப்போதைக்கு வேண்டாம். அதிகாரம் கிடைத்த ஆப் கெட்டதாக இருந்தால் தடுக்க ஆளில்லை. ரூட் செய்யாமல் பூட்லோடரை மட்டும் திறந்திருந்தாலே பல வங்கி, யுபிஐ ஆப்கள் முரண்டு பிடிக்கும். அம்மா ஜிபே வைத்திருக்கும் போனில் கை வைக்கவே கூடாது.

*

ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் இரண்டு போன்கள். ஸ்னாப்டிராகன் உள்ளது 'மிடோ', மீடியாடெக் உள்ளது 'நிகெல்'. இந்தியாவில் விற்றது மிடோ. ஒன்றின் ரோம் ஃபைலை இன்னொன்றில் ஏற்றினால் போன் செத்துப்போகலாம். டவுன்லோட் ஆனதும் ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று எஸ்ஹெச்ஏ-256 எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கணும், பேட்டரி பாதிக்கு மேல் இருக்கணும். அதன் பிறகு ரெக்கவரியை ஏற்றணும், அதன் வழியாகக் கடைசியில் ரோம்.