72 கம்பிச் சில்லு

மாதிரிக் கார் ஒன்றைக் கையில் எடுப்போர் முதலில் அதன் உடலின் பளபளப்பைக் கண்டு மகிழ்வர். அடுத்த கணமே கண் சில்லுக்கு இறங்கும். அங்கேதான் குட்டு வெளிப்படும். வர்ணம் எவ்வளவு செவ்வையாகப் பூசப்பட்டிருப்பினும், சில்லின் கம்பிகள் தடித்திருந்தால், இது கார் அன்று, விளையாட்டுச் சாமான் என்று கண் தீர்ப்புக் கூறிவிடும். ஓய்வு நேரங்களில் இத்தகைய மாதிரிகளைப் பொருத்தி மகிழும் நாம் அத்தீர்ப்பைப் பலமுறை கேட்டவர்கள்.

1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவாக் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாகிய ஜாகுவர் ஈ-ரைப் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கவென்றி நகரிற் பிறந்த அக்காரின் அழகிற் பாதி அதன் கம்பிச் சில்லுகளில் இருந்தது என்பது எமது கட்சி. 15 அங்குல விட்டமுள்ள ஒவ்வொரு சில்லிலும் 72 கம்பிகள். நடுவிலுள்ள குடத்திலிருந்து புறப்பட்டு, ஒன்றையொன்று குறுக்கிட்டு, விளிம்பைச் சென்று பற்றும் அக்கம்பிகளினூடே மறுபக்கத்தைக் காணலாம்.

இதனை 24இல் 1 பங்காகச் சுருக்கினால் சில்லின் விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீற்றர்; ஒரு சட்டைப் பொத்தானிலும் சற்றே பெரியது. மெய்யான கம்பியின் பருமன் 4 மில்லிமீற்றர் என்று கொண்டால், மாதிரியில் அது 0.17 மில்லிமீற்றராகும். தலைமயிர் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவோ அவ்வளவுதான். பிளாஸ்ரிக் இதற்கு ஈடுகொடுக்க மாட்டாது. உருகிய பிளாஸ்ரிக்கை உருக்கு அச்சினுள் அழுத்திச் செலுத்தும்போது, வழி மிக ஒடுங்கியிருந்தால் அது முடிவுவரை ஓடுமுன்பே உறைந்துபோகும். அன்றியும், ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிடும் கம்பிகளை ஒரே அச்சில் வார்த்தால் அச்சைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆதலால் மாதிரிகளைச் செய்வோர் கம்பிகளைத் தடிப்பாக்குகின்றனர். சிலர் எண்ணிக்கையையும் குறைக்கின்றனர். அரை மில்லிமீற்றர்க் கம்பிதானே என்று நாம் எண்ணலாம். அதனை 24ஆற் பெருக்கிப் பாருங்கள்: 12 மில்லிமீற்றர்! விரற் பருமனுள்ள கம்பிகளோடு எந்த ஜாகுவர் ஓடிற்று?

இக்குறையைத் தீர்க்க வந்ததே ஒளியின் துணைகொண்டு அரித்தெடுக்கும் பித்தளைத் தகடு. முறை புதியதன்று. பத்திரிகைகள் ஈய எழுத்துக் கோத்து அச்சான காலத்தில், படங்களுக்காக நாகத் தகட்டில் ‘புளொக்’ செய்தார்களல்லவா? அதன் உடன்பிறப்பே இது. மெல்லிய பித்தளைத் தகட்டின் இரு புறமும் ஒளியால் இறுகும் மருந்தைப் பூசி, கம்பிகளின் உருவம் வரைந்த படலத்தை மேலே வைத்துப் புறவூதா ஒளியைப் பாய்ச்சுவர். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடத்து மருந்தைக் கழுவிவிடலாம். பின்னர் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலைத் தெளிக்க, மூடப்படாத பித்தளை அரிந்துபோகும். கையாற் சுற்றுப்பலகை செய்து பார்த்த மாணவர் இக்கரைசலின் மஞ்சட் கறையை மறந்திருக்கமாட்டார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கரைசல் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அரிக்கும். ஆகவே தகட்டின் தடிப்பிலும் மிக ஒடுங்கிய கம்பியை வெட்டுவது அரிது. மெல்லிய கம்பி வேண்டுமாயின் தகடும் மெல்லியதாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய தகட்டை விரலால் தூக்கினாலே வளைந்துவிடும்.

நாற்பது வயதைக் கடந்தபின் நம்மைத் தேடிவந்த வெள்ளெழுத்து இவ்விடத்திலேதான் தன் வேலையைக் காட்டுகின்றது. மாணவர் விடைத்தாள்களைக் கண்ணாடி அணிந்து திருத்திவிடலாம். 0.17 மில்லிமீற்றர்க் கம்பியோ கண்ணாடிக்கும் உருப்பெருக்கிக்கும் கட்டுப்படாமல் மங்கி நிற்கின்றது. இப்பொழுதுபோக்கை மூட்டைகட்டி வைத்துவிடலாமோ என்று நாம் எண்ணியதுண்டு. இருபது ஆண்டுகளாகக் கைக்குப் பழகிய ஒன்றை விடுவது எளிதன்று. அவ்வேளையில் பதினைந்து வயது மகள் சாவணத்தை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இப்போது வேலை பங்கிடப்பட்டுள்ளது. பிளாஸ்ரிக் சில்லின் நடுவைக் குடைந்து விளிம்பை மட்டும் மிச்சப்படுத்துவது நாம். தகட்டை மதுசார விளக்கின் சுவாலையிற் காட்டி, பொற்கொல்லர் செய்வதுபோல் இளக்கிக் கொடுப்பதும் நாமே. இளகிய வட்டத்தை றப்பர்த் துண்டின்மேல் வைத்து, உருண்ட முனையுள்ள கருவியால் மெல்ல அழுத்திக் குழிவாக்குவது அவள். உட்புற அடுக்கு, குடம், வெளிப்புற அடுக்கு என்று முறையே அமர்த்தியதும் கம்பிகள் தாமாகவே குறுக்கிட்டுக் காணும். பிளாஸ்ரிக்கை ஒட்டும் பசை பித்தளையைப் பற்றாது. ‘சுப்பர் குளூ’ வேண்டும். அதையும் ஊசிமுனையளவே தொட்டு வைத்தல் வேண்டும். மிகுந்தால் அதன் ஆவி, பளபளக்கும் பரப்பில் வெண்பூச்சாகப் படிந்துவிடும்.

முதற் சில்லு முடிந்த அன்றே மகள் வழக்குத் தொடுத்தாள்.

“அப்பா, இந்தக் கம்பி தட்டையாயெல்லோ இருக்குது? உண்மைக் கம்பி உருண்டைதானே! அப்ப இதுவும் பொய்தானே?”

கேள்வி நியாயமானது. தகட்டில் வெட்டியது தட்டையாகத்தான் இருக்கும். உருண்டை வேண்டுவோர் ஒவ்வொரு கம்பியாக இழைத்துக் கோக்கவேண்டும். இத்தாலியப் போக்கர் நிறுவனத்தின் 8இல் 1 பங்கு அல்பா ரோமியோ மாதிரியில் அவ்வாறே செய்தார்கள். ஆனால் அச்சில்லு நமதிலும் மும்மடங்கு பெரிது. நமது அளவில் கம்பி உருண்டையா தட்டையா என்பதைக் கண் பிரித்தறியாது; தடிப்பா மெலிவா என்பதை உடனே அறிந்துவிடும். இரண்டு உண்மைகளில் ஒன்றையே காக்க முடியுமாயின், கண் கேட்கும் உண்மையைக் காப்பதே சரி என்றோம். அவள் ஒப்புக்கொண்டாளில்லை. நெல்லியடியில் இருந்து வந்த அவள் மாமா மட்டும், சில்லுக்குள்ளால் விரல்நுனி தெரிகின்றதே என்று வியந்தார்.

எல்லாச் சில்லுக்கும் இவ்வலங்காரம் வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நம்மூர் வீதிகளிற் பழகிய மொறிஸ் மைனரின் சில்லு உருக்குத் தகட்டில் அழுத்தியெடுத்தது. அதற்குப் பிளாஸ்ரிக்கே தாராளம். அங்கும் பித்தளையை ஒட்டுவோரைக் கண்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும்.

இவ்விடுமுறைக்குள் ஜாகுவரின் நான்கு சில்லுகளும் முடிந்துவிட்டன. எஞ்சியது மேலதிகச் சில்லு. அது பின்புறத்தே, பொருட்கள் வைக்கும் தளத்தின் அடியிற் கிடப்பது. மூடிவிட்டால் எவர் கண்ணுக்கும் தெரியாது. அதற்குப் பெட்டியோடு வந்த தடித்த கம்பியே போதுமென்று நாம் சொன்னோம். மகளோ தகட்டிலிருந்து ஐந்தாவது வட்டத்தை ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டாள். விளக்கை ஏற்றித் தரும்படி கேட்கின்றாள்.