சித்தப்பாவின் படப்பெட்டி

திண்டுக்கல் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த பகுதிக்கு நாகல் நகர் என்று பெயர். நான் சிறுவனாக இருந்த நாளில், ஒரு தெருவில் தறியின் ஓசையும் அடுத்த தெருவில் அரம் இரும்பைத் தேய்க்கும் ஓசையும் கேட்கும். முன்னது நெசவாளர் தெரு. பின்னது பூட்டுப் பட்டறைகள் நிறைந்த தெரு. அவ்விரண்டுக்கும் இடையே என் சித்தப்பா ஒரு சிறிய போட்டோ ஸ்டூடியோ நடத்தி வந்தார். அவர் மறைந்த பின் எனக்கு வந்து சேர்ந்த சொத்து ஒன்றே. அது ஹாசல்பிளாட் 500 சி.எம். என்னும் படப்பெட்டி. சென்னையில் விளம்பரப் படம் எடுப்பவர் ஒருவரிடம் அவர் அதைப் பழையதாக வாங்கினாராம்.

சுவீடன் நாட்டில் கோத்தன்பர்க் நகரில் செய்யப்பட்ட கருவி அது. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 500 சி. என்பதற்குத் தம்பி, 1970இல் பிறந்தது. 1969இல் அப்பல்லோ 11இல் சென்றவர்கள் நிலவின்மீது நின்று படம் எடுத்ததும் இக்குடும்பத்துக் கருவியால்தான். இதன் சிறப்பு, வில்லை, உடல், பார்க்கும் கண்ணாடி, படச்சுருள் இருக்கும் பின்பெட்டி ஆகிய யாவும் தனித்தனியே கழன்று வருவதாகும். பின்பெட்டியில் 120 என்னும் அளவுடைய சுருளை இட்டால் பன்னிரண்டு சதுரப் படங்கள் கிடைக்கும்.

அந்தச் சுருளுக்குத்தான் பின்னாளில் பஞ்சம் வந்தது. நம் நாட்டிலேயே படச்சுருள் செய்ய வேண்டும் என்று 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. உதகமண்டலத்தில் அதன் ஆலை 1967 முதல் இயங்கியது. ‘இந்து’ என்னும் பெயருடைய அதன் சரக்கைச் சித்தப்பா மிகவும் நம்பினார். அந்த ஆலை இன்று இல்லை. வெளிநாட்டுச் சுருளை விலை கொடுத்து வாங்கினாலும், கழுவுவதற்குத் தொலைவிலுள்ள பெருநகருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆதலால் படப்பெட்டி பல ஆண்டுகள் அலமாரியில் உறங்கியது.

அதை எழுப்பியது ‘டிஜிட்டல் பேக்’ என்று படக்காரர்கள் வழங்கும் புதிய பின்பெட்டி. பழைய பின்பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே கொக்கிகளில் இதை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே வெள்ளியுப்புப் பூசிய சுருளுக்கு மாறாக, ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லு ஒன்று இருக்கும். சென்னை நண்பர் ஒருவர் மூன்று நாளைக்கு இரவலாகத் தந்த பெட்டியில், அச்சில்லு ஏறத்தாழ 44க்கு 33 மில்லிமீட்டர் அளவுடையது. அதில் ஐந்து கோடி ஒளிப்புள்ளிகள் அடங்கும். சுருளின் சதுரமோ பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். பரப்பில் பாதியும் தேறாது. ஆகவே வில்லை காண்பதன் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். நெடுக்கு வாட்டத்தில் படம் வேண்டுமாயின் பெட்டியையே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடி அப்போது பக்கத்திற்குத் திரும்பிவிடும். படமெடுப்பவன் படும் பாட்டைக் காண்போர் சிரிப்பர்.

நான் அதை இரவல் வாங்கியது ஒரு முதியவருக்காக. மாங்காய்ப் பூட்டுச் செய்யும் கைவினைஞர் அவர், சித்தப்பாவின் நண்பர். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. ஆனால் அவருடைய பட்டறைக்கு அந்த வாரக் கடைசியோடு முடிவு. கண்பார்வை குன்றியதால் இடத்தை ஒப்படைத்துவிட்டு மகள் ஊருக்குப் போகவிருந்தார்.

முதல் நாள் நாற்பது படங்கள் எடுத்தேன். இரவில் கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்தபோது நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பூட்டைப் பிடித்த கைகள் மங்கியிருந்தன. அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய சாவிக்கொத்து ஊசிமுனைபோல் தெளிவாக இருந்தது. நாற்பதிலும் அதே குறை. கையளவு அச்சில் பார்த்தால் இப்பிழை கண்ணுக்குப் படாமலே போயிருக்கும்.

மறுநாள் அவரிடம் வருத்தத்தோடு சொன்னேன். அவர் கருவியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். நான் பழைய பின்பெட்டியை மாட்டிக் காட்டினேன். மறைதகட்டைச் செருகாமல் அதைக் கழற்ற முடியாது. செருகிவிட்டாலோ படம் எடுக்க முடியாது. இரண்டு மூன்று முறை செய்து பார்த்து அவர் நகைத்தார்.

“இதுவும் பூட்டுத்தான், தம்பி. ஒன்று விட்டால்தான் மற்றொன்று அசையும். சரி, நீ குனிந்து பார்க்கிறாயே, அந்த உருவம் எப்படி மேலே வருகிறது?”

“உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி ஒளியை மேலே திருப்புகிறது, ஐயா. படம் எடுக்கும்போது அது விலகிக்கொள்ளும்.”

“அது எதன்மேல் அமர்ந்திருக்கிறது? நெம்புகோல் அமரும் இடம் மயிரிழை தேய்ந்தால் என் பூட்டில் சாவி சுற்றாது.”

வில்லையைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடியைத் தாங்கும் மென்பஞ்சு முதுமையால் பொடிந்து கிடந்தது. கண்ணாடி சற்றே தாழ்ந்துவிட்டது. நான் பார்த்த உருவம் சில்லைவிடச் சிறிது கூடுதலான தொலைவு கடந்து வந்தது. அதனால் குவியம் கைகளில் நில்லாமல் பின்னே போய்விட்டது. அதைச் செப்பனிட வல்லவர் சென்னையில் இருந்தார். எனக்கோ நாள் இல்லை.

அப்போதுதான் புதிய பெட்டியின் முதுகிலிருந்த சிறு திரை நினைவுக்கு வந்தது. படப்பெட்டியை முக்காலியில் நிறுத்தினேன். திறந்தே நிற்கும் ‘பி’ நிலையில் வைத்து, கம்பிவிசையை அழுத்திப் பூட்டினேன். கண்ணாடி விலகிற்று; சில்லில் விழுந்த உருவமே திரையில் தோன்றிற்று. அதைப் பெரிதாக்கி, விரல்நகத்தில் குவியத்தை நிறுத்தினேன். பிறகு விசையைத் தளர்த்தி, கைப்பிடியைச் சுற்றி, நேரத்தை மாற்றி மீண்டும் அழுத்த வேண்டும். இத்தனையும் முடியும்வரை அவர் அசையாதிருந்தார். ஒவ்வொரு படத்திற்கும் அதே சடங்கு. மாலைக்குள் ஒன்பது படங்களே ஆயின.

ஒன்பதாவதைத் திரையில் அவருக்குக் காட்டினேன். இயன்ற மட்டும் பெரிதாக்கி, கண்ணுக்கு அருகே பிடித்தேன். தம் முகத்தை அவர் பார்க்கவில்லை. நெடுநேரம் கையிலிருந்த அரத்தையே உற்று நோக்கினார்.

“பல் தேய்ந்துபோயிருக்கிறதே! போன ஆண்டே மாற்றியிருக்க வேண்டும்” என்றார்.