ஸ்பீக்கரா, காதா?

ஹோம் தியேட்டர்ல ஒரு பக்கம் சத்தமே வரலையா? உடனே கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க.

எங்க வீட்டில் இடது ஸ்பீக்கர் ஊமையானது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் சொருகினேன். இப்போ இடது பாடுது, வலது ஊமை. அப்போ ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு அதுக்கு முன்னாடி. டிவியிலிருந்து வரும் வயரைக் கழற்றி அழுத்திச் சொருகினதும் சரியாயிடுச்சு.

ஒரு பக்கம் மந்தமாக் கேட்டா இன்னொரு சோதனையும் செய்யுங்க. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்க. மந்தம் அடுத்த காதுக்கு மாறினால் பழுது செட்டில். அதே காதில் நின்றால் பழுது காதில்.

வெறும் அழுக்காகவும் இருக்கலாம். ஆனால் திடீர்னு ஒரு காது மந்தமானால் அது அவசரம். நரம்புப் பாதிப்பு என்றால் ஸ்டீராய்டு சிகிச்சையை 2 வாரத்துக்குள் தொடங்குவது முக்கியம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காதீங்க. அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க.