இல்லாத நாட்டுக்கு வழி வரைந்தவர்

மிடில் எர்த் வரைபடத்தை வரைந்தது யார் என்று டோல்கீன் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் டோல்கீன் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள், 1954இல் ‘லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ புத்தகத்துக்காக வரைந்தது அவர் மகன் கிறிஸ்டோபர் என்று திருத்துவார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் 1970இல் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம் போஸ்டராக வெளியிட்ட வண்ண வரைபடம் ஒன்று இருக்கிறது. மேலே ஒன்பது தோழர்களும் ஒரு மட்டக்குதிரையும் நடக்கிறார்கள். கீழே கறுப்புக் குதிரைவீரர்கள், கொல்லம் என்ற ஒல்லிப்பிசாசு, ராட்சதச் சிலந்தி. நடுவே மலையும் ஆறும் காடுமாக ஒரு கண்டம். அதை வரைந்தவர் பாலின் பெய்ன்ஸ். நார்னியா கதைகள் ஏழுக்கும் படம் போட்டவரும் அவரேதான்.

நார்னியாவைப் படைத்த லூயிஸ், மிடில் எர்த்தைப் படைத்த டோல்கீன் இருவரின் கற்பனை நாடுகளையும் ஒரே கை வரைந்திருக்கிறது என்பது தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு குடைச்சல். அந்த இருவர் கற்பனையின் பிறப்பிடத்தைத் தோண்டித் துருவி நூலகம் நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தக் கை எங்கே பழகியது?

முதல் தடம் இந்தியாவுக்கு இட்டுச் சென்றது. பெய்ன்ஸ் 1922இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே இந்தியா வந்துவிட்டார். அப்பா ஆக்ராவில் கமிஷனர். வெயில் காலத்துக்கு முசூரி. ஆயா, தேநீர் மேசைக்கு வந்து உட்காரும் வளர்ப்புக் குரங்கு என்று அந்தக் காலத்து வெள்ளைக்கார வீட்டுக்கு உரிய எல்லாமும் உண்டு. ஐந்து வயதில் அம்மாவோடும் அக்கா ஏஞ்சலாவோடும் கப்பலேறி இங்கிலாந்து போனார். அப்பா இங்கேயே தங்கிவிட்டார். ஆக்ரா என்று படித்ததும் என்னைப் போன்ற ஆளுக்கு ஆசை வரத்தானே செய்யும்? முகலாயச் சிற்றோவியம், அதன் பூ வேலைப்பாட்டு ஓரம், தூரம் கிட்டம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தெளிவில் காட்டும் பாங்கு என்று அடுக்கி, நார்னியாவின் ஊற்று யமுனைக் கரையில் என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். பாரசீக ஓவியங்களின் சாயல் அவர் படங்களில் இருப்பதும் மெய்தான். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணில் ஒட்டியது இது, பிற்பாடு புத்தகங்களில் தேடிப் பார்த்தது அது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? அந்த ஆசையை ஓரமாக வைத்தேன்.

இரண்டாவது தடம் உறுதியானது. டோல்கீன் 1940களின் கடைசியில் ‘ஃபார்மர் ஜைல்ஸ் ஆஃப் ஹாம்’ என்ற சிறு கதைக்கு ஓவியர் கிடைக்காமல் இருந்தார். பதிப்பகம் காட்டிய மாதிரிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போது பெய்ன்ஸ் அனுப்பிய படங்கள் அவரை வீழ்த்தின. லட்ரெல் சங்கீதப் புத்தகத்தின் ஓரப்படங்களைக் கிண்டலாகத் திருப்பி வரைந்தவை அவை. இந்தப் புத்தகம் பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பிரபு ஒருவருக்காக எழுதி வண்ணம் தீட்டிய கையெழுத்துப் பிரதி. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களின் படங்களை நிதானமாகப் பார்த்தேன். நடுவில் தாவீதின் சங்கீதங்கள், பயபக்தியோடு. ஓரத்தில் நான்கு மாடு பூட்டி ஒருவன் உழுகிறான், ஒருவன் விதைக்கிறான், இருவர் கதிரடிக்கிறார்கள், ஒருத்தி கோழிக்குத் தீனி போடுகிறாள். அடுத்த பக்கத்தில் மீனும் மனிதனும் இலையும் கலந்த ஏதோ ஒன்று நாக்கை நீட்டுகிறது. வேதம் ஒரு பக்கம் ஓட, ஓரத்தில் ஊரே வாழ்கிறது. ஜைல்ஸ் 1949இல் வந்தது. டோல்கீனின் நண்பர் லூயிஸும் பெய்ன்ஸையே பிடித்துக்கொண்டார். 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒரு நார்னியா.

இதோடு நின்றிருந்தால் பெய்ன்ஸ் நல்ல ஓவியர் என்பதோடு முடிந்திருக்கும். வரைபடம் அதற்கு மேல் ஒன்றைக் கேட்கிறது. ஓவியத்தில் ஆறு அழகாக வளைந்தால் போதும். வரைபடத்தில் அந்த ஆறு எந்த மலையில் புறப்பட்டு எந்த ஊரைத் தொட்டு எங்கே கடலில் விழுகிறது என்பது சரியாக இருக்க வேண்டும்.

விடை அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அக்காவும் தங்கையும் தொண்டர் படையில் சேர்ந்தார்கள். முதலில் ஃபார்ன்ஹம் கோட்டையில் ராணுவத்தின் உருமறைப்புப் பயிற்சி மையத்துக்கு மாதிரி உருவங்கள் செய்தார்கள். 1942இலிருந்து போர் முடியும்வரை, பாத் நகரில் இருந்த கடற்படையின் நீரியல் துறையில் வேலை. என்ன வேலை? போர்க்கப்பல்களுக்குக் கடல் வரைபடம் வரைவது.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடல் வரைபடம் ஒன்றைப் பார்த்தால் இந்த வரியின் கனம் புரியும். நிலப்பகுதி அநேகமாக வெறுமையாக இருக்கும். கடலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதாகோயில் கோபுரம், குன்று, கலங்கரை விளக்கம் மட்டும் இருக்கும். கடலிலோ எறும்புக் கூட்டம்போல எண்கள். ஒவ்வொன்றும் யாரோ அளந்து சொன்ன ஆழம், பாகக் கணக்கில். நாலு என்பது ஒன்பதாகத் தெரிகிற மாதிரி எழுதினால் கப்பல் பாறையில் ஏறும். தன் வாழ்நாளில் பார்த்திராத துறைமுகத்தை, யாரோ அளந்து கொடுத்த குறிப்பை மட்டும் நம்பி, அடித்தல் திருத்தல் இல்லாமல் வரைய வேண்டும். இருபது வயதில் மூன்றாண்டு இதைச் செய்த பெண்ணிடம், பின்னாளில் இரண்டு பேராசிரியர்கள் தாங்கள் மட்டுமே பார்த்த நாடுகளின் குறிப்புகளை நீட்டினார்கள்.

லூயிஸ் நீட்டிய விதமே அலாதி. 1951இல் வெளியான ‘பிரின்ஸ் காஸ்பியன்’ கதைக்கு அவரே ஒரு கிறுக்கல் வரைபடம் கொடுத்தார். அரசாங்க நில அளவைப் படம் மாதிரி வேண்டாம், இடைக்கால வரைபடம் மாதிரி வேண்டும் என்று கேட்டார். மலையும் கோட்டையும் உருவாகவே தெரிய வேண்டும், மூலைகளில் காற்று ஊதலாம், கடலில் கப்பலும் திமிங்கிலமும் இருந்தால் நல்லது என்றார். லட்ரெல் ஓரங்களில் ஊறிய கைக்கு இது பழக்கப்பட்ட வேலை. ஆனாலும் இருவருக்கும் நெருக்கம் வரவில்லை. நேரில் சந்தித்ததே இரண்டு முறைதான். அதில் ஒன்று வாட்டர்லூ ரயில் நிலையத்தில், லூயிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. பெய்ன்ஸின் நாட்குறிப்பு அவரைப் பார்த்ததையும், வீட்டுக்கு வந்து கேக் சுட்டதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. முதுகுக்குப் பின்னால் லூயிஸ் அவருக்குச் சிங்கம் வரைய வரவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். சிங்கமே நாயகனான கதை வரிசைக்கு அது கடுமையான புகார்தான். ஆனால் வரைபடத்தைப் பற்றிப் புகார் எதையும் நான் பார்க்கவில்லை.

டோல்கீன் வேறு ரகம். போஸ்டர் வேலை தொடங்கியபோது பெய்ன்ஸ் பழைய பதிப்பு ஒன்றின் வரைபடத் தாளைப் பிய்த்துக் கொடுக்க, அவர் அதைப் பச்சை மையாலும் பென்சிலாலும் நிரப்பித் தள்ளினார். கதையில் வரும் ஹாபிட்டன் ஊர் ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையில் இருக்கிறது. மினாஸ் திரித் நகரம் இத்தாலியின் ரவென்னா அளவு தெற்கே, ஆனால் கிழக்கே தள்ளி, பெல்கிரேடுக்குப் பக்கமாக. படத்தின் அடிவிளிம்பு ஜெருசலேம் அளவில். யானையும் ஒட்டகமும் எங்கே மேயும், எந்தக் கப்பலுக்கு என்ன நிறம் என்பதுகூட உண்டு: எல்ஃபுகளின் கப்பல் சின்னது, வெள்ளை அல்லது சாம்பல், கடற்கொள்ளையருக்குச் சிவப்புப் பாய். அந்தத் தாள் பெய்ன்ஸின் புத்தகத்துக்குள்ளேயே செருகிக் கிடந்து, அவர் 2008இல் காலமான பிறகு, 2015இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிளாக்வெல் கடையில் விற்பனைக்கு வந்தது. விலை 60,000 பவுண்டு. அடுத்த ஆண்டு போட்லியன் நூலகம் வாங்கிக்கொண்டது.

பெய்ன்ஸ் நெடுங்காலம் வாழ்ந்து வரைந்தது சர்ரே மாவட்டத்தின் டாக்கன்ஃபீல்டு என்ற சிற்றூர்க் குடிலில், காலைச் சுற்றிச் சுற்றி வரும் நாய்களுக்கு நடுவே. அந்த நாய்களால்தான் கல்யாணமும் நடந்தது. நாய்க்கு இறைச்சி விற்றபடி வாசல் கதவைத் தட்டியவர் ஃபிரிட்ஸ் காஷ். போர்க்கைதியாகப் பிடிபட்டு இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட ஜெர்மானியச் சிப்பாய். ஜெர்மனியோடு போரிட்ட கடற்படைக்குப் படம் வரைந்த பெண், 1961இல் அவரை மணந்தார்.

போஸ்டர் வெளியான பிறகு டோல்கீன் தன் கருத்தை எழுதி வைத்தார். மேலும் கீழும் ஊர்வலம் போகும் ஆட்கள் தன் மனதில் இருப்பவர்கள் அல்ல என்றார். ஆனால் இடங்களைக் காட்டும் சிறு படங்களில் சில, தான் கண்டபடியே அமைந்திருப்பதாக மெச்சினார். ஆட்களைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம் கறார் என்பது என் எண்ணம். அந்த மட்டக்குதிரை ஒன்றுக்காகவே நான் சண்டை போடுவேன். இடங்களைப் பற்றிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அடுத்தவர் அளந்து சொன்ன கரையைச் சொன்னபடி வரைவது பாத் நகரில் கற்ற வேலை.

பெய்ன்ஸுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. 1968இல் ‘வீரமரபு அகராதி’ ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 600 படங்கள் வரைந்து, கேட் கிரீனவே பதக்கம் வாங்கி, பெயர் நாட்டியிருந்தார். மிடில் எர்த் வேலை கைக்கு வந்ததும் அவர் உதவி கேட்டுப் போனது வேறு ஓவியர்களிடம் அல்ல. வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் இருந்த போர்டன் ராணுவ முகாமின் வரைபடக்காரர்களிடம்.