மழைக்குப் போன படம்

ஐப்பசி மழை வலுத்தால் டிடிஹெச்சில் படம் போவது செட்டாப் பாக்ஸின் குற்றமல்ல. சுமார் 36,000 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள் அனுப்பும் கேயூ பேண்ட் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. புதுப் பெட்டி வாங்கினாலும் இது மாறாது.

மயிலாடுதுறையில் ஓர் அம்மாவுக்கோ தூறலுக்கே படம் போனது. ''ரெக்கார்டர் பழசாயிடுச்சும்மா, மாத்திடலாம்'' என்றான் மகன். அம்மா ஒப்பவில்லை. மறைந்த கணவர் கூட்டத்தில் ஒரு நொடி தெரியும் தேர்த் திருவிழா ஒளிபரப்பு அதில்தான் இருக்கிறது. அந்தப் பதிவு வேறு பெட்டியில் ஓடாது.

கடைசியில் மெக்கானிக் மாடியேறிப் பார்த்தார். காற்றில் டிஷ் திரும்பியிருந்தது. கேபிள் முனையில் தண்ணீர். இரண்டையும் சரிசெய்த பிறகு தூறலுக்கெல்லாம் படம் போவதில்லை. கொட்டும் மழைக்கு மட்டும் போகிறது. அந்த நேரத்தில் அம்மா தேர் பார்க்கிறார்.