ஒரு ரூபாய் ஃபயர் இன்ஜின்

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு தீயணைப்பு வண்டி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சைரன்தான் அலறும், வண்டி நகராது. சைரனுக்குப் பதில் கையால் மணி அடித்துக்கொண்டு ஓடிய காலத்து வண்டி ஒன்று டெல்லி சாணக்கியபுரியில், தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1914-ல் இங்கிலாந்தில், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஜான் மாரிஸ் அண்ட் சன்ஸ் கம்பெனி கட்டியது. சேஸி பெல்சைஸ். இந்த மாதிரியில் உலகத்திலேயே இரண்டுதான் மிச்சம் என்கிறார்கள். வாங்கியது நிஜாம்ஸ் கியாரண்டீட் ஸ்டேட் ரயில்வே. (தாம்பரத்துக்கு சார்மினார் எக்ஸ்பிரஸ் வருகிறதே, அந்த ஐதராபாத் நிஜாம்தான்.) முதலீட்டுக்கு வட்டி கியாரண்டி கொடுத்ததால் வந்த பெயர் அது. பிகாம் கூட்டம் கவனிக்கவும் :-)

அதே 1914 செப்டம்பர் 22 ராத்திரிதான் எம்டன் கப்பல் குண்டு போட்டு மெட்ராஸில் எண்ணெய் டாங்குகளை எரித்தது. அதற்கு முன்னால் தீயணைக்க நீராவி பம்பைக் குதிரைகள் இழுத்துப் போக வேண்டும், தண்ணீர் கொதித்து நீராவி ஏறவும் வேண்டும். மோட்டார் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஓட்டிக்கொண்டு வந்த அதே இன்ஜினைப் பம்புக்கு மாற்றிவிட்டால் தண்ணீர் பாயும். ஆட்களுக்குத்தான் கூரை கிடையாது, வெயிலோ மழையோ வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். வருஷத்துக்குப் பத்து சதவீதம் நேர்கோட்டுத் தேய்மானம் என்று வைத்தால் 1924-லேயே கதை முடிந்தது. புத்தக மதிப்பு ஒரு ரூபாய்! ஆனால் அந்த ஒரு ரூபாய் வண்டி, 1964-ல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழைய கார் பேரணியில் டெல்லித் தெருவில் ஓடியிருக்கிறது. ஓட்டினால் அசல் பாகம் தேயும், கடையில் கிடைக்காது, கடைசல் பட்டறையில்தான் செய்ய வேண்டும். ஓட்டாமல் விட்டால் கேஸ்கெட் காய்ந்து, உள்ளே துரு ஏறி, அப்புறம் வெறும் பொம்மை. எப்போதாவது ஓட்டுவதே சரி. தேய்ந்தாலும் பரவாயில்லை.

அடுத்த 1914 வண்டி எங்கிருந்து வரும் என்பதுதான் கவலை. 2023 ஏப்ரலிலிருந்து, ராணுவம், காவல் போன்ற பணிகளின் சில சிறப்பு வண்டிகள் தவிர, 15 வருஷம் முடிந்த அரசு வண்டிக்குப் பதிவு கிடையாது, காயலான் கடைதான். 2021-ல் பழங்கால கார், பைக்குகளுக்கு விதி போட்டபோது அரசே வைத்த வயது 50. நடுவில் 35 வருஷம்! அதுவரை ஓடவும் முடியாத, பழசு என்ற மரியாதையும் இல்லாத ஒரு சிவப்பு வண்டிக்கு எந்த ஆபீஸ் ஷெட்டில் இடம் கொடுக்கும்?

பெரம்பூர் ஐசிஎஃப் பக்கம் 2002-ல் திறந்த ரயில் மியூசியத்தில் பழைய பெட்டிகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு தீயணைப்பு வண்டிக்கும் இடம் கேட்டு யாராவது அதிகாரி ஃபைல் போடலாம். ஏலத்துக்கு முன்னால் போட்டால் நல்லது.