முப்பத்தைந்தில் ஒரு பங்கு

மேசைமேல் நிற்கிற டைகர் டாங்கியின் நீளம், பீரங்கிக் குழாயையும் சேர்த்து, 24 சென்டிமீட்டர். அசல் டைகர் எட்டரை மீட்டர் நீளம், 57 டன் எடை. குனிந்து பார்த்தால், பக்கவாட்டில் தெறித்த சேறு மேலே காய்ந்து வெளுத்திருக்கிறது. சக்கரங்களுக்கிடையே இன்னும் ஈரமாக மின்னுகிறது. அந்தச் சேற்றுக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்கிறார் அதைச் செய்தவர். வாரநாட்களில் அவர் பேருந்து ஓட்டுநர்.

இடம், ஜப்பானின் ஷிசுவோகா நகரம். ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கே ட்வின் மெஸ்ஸே அரங்கில் ஹாபி ஷோ நடக்கிறது. கம்பெனிகள் புதுச் சரக்கைக் காட்டுவது ஒரு பக்கம். 1990 முதல் மாடல் கட்டும் கழகத்தினர் தங்கள் கைவேலையைக் கொண்டுவந்து வைப்பது இன்னொரு பக்கம். நான் நாள் முழுக்க நின்றது இரண்டாவது பக்கத்தில்தான்.

செங்கென் கோயிலைக் கட்ட வந்த தச்சர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள், மரவேலை அப்படித்தான் ஊரில் வேரூன்றியது என்று சொல்கிறார்கள். தாமியா நிறுவனமும் 1946இல் மரக்கடையாகத் தொடங்கியதுதான். பிறகு மர மாடல்கள் செய்தது. பிளாஸ்டிக் வந்து மரத்தைத் தள்ளியபோது, 1960இல் யமாத்தோ போர்க்கப்பலை பிளாஸ்டிக்கில் வெளியிட்டு நஷ்டப்பட்டது. அடுத்து வந்த பேந்தர் டாங்கிதான் கைகொடுத்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று அதன் உடலுக்கு அளவு வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அசலில் சுமார் 35இல் ஒரு பங்காக இருந்தது. பேட்டரி தீர்மானித்த அந்த அளவில்தான் இன்று பல நாட்டுக் கம்பெனிகளும் டாங்கி மாடல் செய்கின்றன.

வேலை எப்படி நடக்கிறது? பெட்டியைத் திறந்தால் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்தாகத் தொங்கும். இங்கே அதற்கு ரன்னர் என்று பெயர். நிப்பரால் வெட்டி எடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை நாம் வீட்டில் வைத்திருக்கும் பசையைப் போன்றதல்ல; பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். ஒரு சொட்டு கூடினால் கைரேகை பதிந்துவிடும்.

வண்ணப்பூச்சு உதிர்ந்த இடத்தை அந்தப் பேருந்து ஓட்டுநர் செய்துகாட்டினார். முதலில் துருப்பிடித்த நிறம். அது காய்ந்ததும் மேலே தலைமுடிக்கு அடிக்கும் சாதாரண ஹேர் ஸ்ப்ரே. அதற்கும் மேலே டாங்கியின் மணல் நிறம். பிறகு தண்ணீர் தொட்ட தூரிகையால் ஓரங்களை மெல்லத் தேய்க்கிறார். அடியில் இருக்கும் ஸ்ப்ரே கரைய, மேல்பூச்சு சிறு செதில்களாகக் கழன்று துரு எட்டிப்பார்க்கிறது. எல்லா இடத்திலும் தேய்ப்பதில்லை. "வீரர்கள் கால் வைத்து ஏறும் இடம் எது? கதவைத் திறக்கக் கை எங்கே படும்? அங்கே மட்டும்தான்" என்றார். பிரிட்டனின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில், 1943இல் துனீசியாவில் பிடிபட்ட டைகர் ஒன்று இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. அதன் புகைப்படங்கள் ஒரு கோப்பு நிறைய அவரிடம் இருந்தன.

போர்க்கருவியை எதற்கு இப்படிச் சீராட்ட வேண்டும் என்ற தயக்கத்தோடுதான் நான் போனேன். அடுத்த மேசையில் சங்கிலிப் பட்டை அறுந்த டாங்கி ஒன்று வயலில் கிடந்தது. எரிந்த என்ஜின் மூடிக்குள் புல் முளைத்திருந்தது. பக்கத்தில் மாடு மேய்ந்தது. அதன்முன் வெகுநேரம் நின்றேன். டாங்கி கட்டுகிறவர்கள் எல்லாரும் போரை மெச்சுகிறவர்கள் அல்லர் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கடைசி மேசையில் இருந்த பெரியவர் எதையும் காட்சிக்கு வைக்கவில்லை. பேரனுக்குத் துணையாக வந்தவர். மாடல்களுக்கு அச்சு குடையும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மாடலில் மேடாகத் தெரிவதை எஃகு அச்சில் பள்ளமாகக் குடைய வேண்டும். எழுத்தை இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். சுமார் 200 டிகிரிச் சூட்டில் உருகிய பாலிஸ்டைரீன் அதற்குள் பாய்ந்து, மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து, ஒட்டாமல் கழன்று வர வேண்டும். இப்போது கணினி வந்துவிட்டது. அவர் காலத்தில் கண்ணும் கையும்தான். பேரனின் ரன்னர் ஒன்றை எடுத்து, டாங்கிக் கூண்டின் ஓரத்தில் முடியிழை அளவுக்கு ஓடிய வெல்டிங் வரியை நகத்தால் தொட்டுக்காட்டினார். "இதைச் செய்பவர் பெயர் பெட்டியில் வராது."

பெட்டிமேல் படம் வரைந்த ஷிகெரு கொமாட்சுசாகியைக் கொண்டாடுகிறவர்கள் ஜப்பானில் ஏராளம். தகுதியான புகழ்தான். ஆனால் நீங்கள் எப்போதாவது ஒரு டாங்கிப் பெட்டி வாங்கினால், நிப்பரை எடுக்குமுன் ரன்னரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்த வெல்டிங் வரி உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படும்.